கலியாணப் படத்தில் இருந்த மச்சம்

இஞ்சாருங்கோ,

கண் டொக்டர் பாத்திட்டார். என்ரை வெள்ளை முழியிலை இருக்கிற கறுப்புப் புள்ளி வெறும் மச்சமாம், புற்றுநோய் இல்லையாம். "முந்தியும் இருந்ததோ?" எண்டு கேட்டார். பழைய படம் ஒண்டு கொண்டுவரச் சொன்னதாலை கொண்டுபோன கலியாணப் படத்தைப் பூதக்கண்ணாடியாலை பாத்தால் அப்பவே இருக்கு! "போன கிழமைதான் முளைச்சது" எண்டு சத்தியம் பண்ணின நீங்கள், இவ்வளவு வருசமும் எதைப் பாத்தனீங்கள்?

புற்றுநோயாம் எண்டு நீங்கள் சொன்ன கதையைக் கேட்டு மருதனார்மடத்திலை உங்கடை தங்கச்சி ஒப்பாரி வைக்கிறாவாம். போய் என்ரை கண்ணைக் காட்டிப்போட்டு வாறன். புட்டு அவிச்சு மூடி வைச்சிருக்கு. கத்தரிக்காய்க் குழம்பைச் சூடாக்குங்கோ.

எனக்குக் கோவம் இன்னும் ஆறேல்லை.

யோகேஸ்

பி.கு: மச்சம் வளருதோ எண்டு மாதம் ஒருக்கா நீங்கள்தான் கிட்ட வந்து உத்துப் பாக்கவேணுமாம் எண்டு டொக்டர் சொன்னவர். வாயிலை சுருட்டோடை வராதேங்கோ.