காயாத பருத்தி

பையின் முடிச்சை அவிழ்த்ததும் நீ வந்தாய்.

முதலில் வாசனை. பிறகுதான் துணிகள் கண்ணில் பட்டன. உன் மகள் பாப்பாவின் முதல் வருடத்துச் சட்டைகள். சாயம் ஏற்றாத பருத்தி, பழுப்பு வெள்ளை. கட்டுகிற கயிறுகளை உள்ளே தள்ளி, ஒவ்வொன்றையும் நாலாக மடித்து வைத்திருந்தாய். நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது, அக்கா. மடிப்பு கலையவில்லை.

மாமாதான் கொண்டுவந்து கொடுத்தார். பிரசவத்துக்காகக் கோலாலம்பூரிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். அதே லயத்து வரிசை வீடு. உன் வீடு அடுத்த கதவு.

“பொறந்த பிள்ளைக்கு எடுத்ததும் புதுத்துணி போடக்கூடாதும்மா. இன்னொரு பிள்ள போட்டுப் பழகுனதத்தான் போடணும். உங்க அக்கா உனக்குன்னே எடுத்து வச்சிருந்தா.”

வாசலிலேயே நின்றார். உன் கணவருக்கு இப்போது எந்த வீட்டுக்குள்ளும் நுழையத் தெரியவில்லை.

ஒரு சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டேன். விடுமுறைக்கு மலையேறி வரும்போதெல்லாம் தானா ராத்தா பஸ் நிலையத்தில் நீ என்னைக் கட்டிக்கொள்வாய். அப்போது உன் கைகளில் இருந்த வாசனை. லேசான கசப்பு, அடியில் ஏதோ பூ. பல்கலைக்கழக விடுதியில் வீட்டு நினைவு வந்தால் இதைத்தான் தேடுவேன். மலையின் வாசனை என்று நினைத்திருந்தேன்.

பாப்பா பிறந்து சில வாரங்களில் கழுத்து மடிப்பு சிவந்தது. பிறகு முழங்கை மடிப்பு. பிறகு முழங்காலின் பின்புறம். சொறிந்துவிடாமலிருக்கக் கைகளுக்கு உறை மாட்டினாய். அவள் கன்னத்தைத் தலையணையில் தேய்த்துக்கொண்டாள். “காட்டன் மட்டும் போடுங்க” என்று கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை நீ கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். தேயிலைக் கடையில் சுற்றுலாக்காரர்களுக்குத் தேநீர் ஊற்றுகிற வேலைக்கு இடையில் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தாய். பூச்சிமருந்து படாமல் விளைந்த பருத்தி. வெளுப்புக் காரம் படாத நூல். நெகிழிப் பொத்தானுக்குப் பதில் கயிறு. எனக்கு அனுப்பிய குரல்பதிவுகளில் எல்லாம் துணிதான். நான் பாதியில் நிறுத்திவிட்டு “சரிக்கா” என்று எழுதுவேன்.

பிரிஞ்சாங் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் நானும் உன்னோடு இருந்தேன். காட்டன் என்று அட்டை தொங்கிய ஒரு கவுனின் விளிம்பிலிருந்து நூல் ஒன்றை இழுத்தாய். கைப்பையிலிருந்து லைட்டரை எடுத்தாய். பருத்தி என்றால் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். இது உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டது.

“ஏம்மா, துணி வாங்க வந்தியா, கடையக் கொளுத்த வந்தியா?” என்றார் கடைக்காரர்.

“அண்ணே, இது காட்டன் இல்ல. பாருங்க, உருகுது.”

“ஈப்போ வெயில்ல நிக்க வச்சா நீயும் உருகுவ லா. ஊரே இததான் போடுது. யாரு செத்தா?”

“எம் பிள்ள தூங்க மாட்டேங்குதுண்ணே.”

அவர் அந்தக் கவுனை வாங்கி மறுபடி கொக்கியில் மாட்டினார்.

கடைசியில் நீ தேடிய துணி அஞ்சலில் வந்தது. அதன் பிறகுதான் வேறொரு தொல்லை. இந்த மலையில் பருத்தி காயாது.

நம் எல்லோருடைய துணியும் பாலியெஸ்டர். உதறிக் கொடியில் போட்டால் மாலைக்குள் எடுத்துவிடலாம். பருத்தி, குடித்த தண்ணீரை விடாது. பாதி காய்வதற்குள் பனி இறங்கிவிடும். மறுநாளும் அப்படியே. அப்புறம் தோள்பட்டையில் கரும்புள்ளியாகப் பூஞ்சை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டினாய். சட்டைகளில் தாளித்த மணம் ஏறியது. ஒருநாள் ஈரச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாய்.

“குடு, நான் எடுத்துட்டுப் போறேன்,” என்றார் மாமா. “எங்க பூக் கெபுன்ல பிளாஸ்டிக் கூரைக்குக் கீழ மத்தியானம் ஆளே வெந்துருவான். அப்பளமாட்டம் காயும்.”

அது ஒன்றும் புதிதல்ல. மழை மாதங்களில் பூத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஈரக் கம்பளியையும் பள்ளிச் சீருடையையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவது இந்த லயத்தில் வழக்கம்தான். ஆனாலும் நீ கேட்டாய்.

“மருந்து அடிக்கிற எடமாச்சே?”

“பூவுக்குத்தான அடிக்கிறோம். ஒம் மவ சட்டைக்கா அடிக்கப் போறோம்?”

நீ சிரித்துவிட்டாய். கொடுத்துவிட்டாய்.

அன்றிலிருந்து வீட்டில் மற்ற எல்லாத் துணியும் வாசல் கொடியில் காய்ந்தது. பாப்பாவின் பருத்தி மட்டும் கோலா தெர்லா பூத்தோட்டத்துக்குப் போய் வந்தது. மாமாவின் வேலைத் துணியைப் பாப்பா துணியோடு சேர்க்கக் கூடாதென்று தனி வாளியில் ஊறவைத்துக் கையால் கசக்குவாய். அந்தச் சிவப்பு வாளி இன்னும் உன் குளியலறையில் இருக்கிறது.

பை கைக்கு வந்த அன்று மாமாவிடம் கேட்டேன். “பாப்பா துணி இன்னும் அங்கதான் காயுதா?”

“பின்ன? உங்க அக்கா போனதுக்கப்புறமும் ஒருநாள் விட்டதில்ல.”

அவர் பின்னால் நின்ற பாப்பா, கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். கழுத்தில் அதே சிவப்பு.

மறுநாள் அவரோடு தோட்டத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெளிவில்லை. பிளாஸ்டிக் கூரைக்கடியில் வரிசை வரிசையாகச் செவ்வந்தி. மேலே ஒரு கம்பி. கம்பியில் சின்னச் சட்டைகள். தூரத்து வரிசையில் ஒருவர் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, குழாயைப் பிடித்தபடி மருந்து அடித்துக்கொண்டிருந்தார். காற்றில்லாத இடம். வெள்ளைப் புகை மெதுவாக எழுந்து கூரையில் முட்டி, சட்டைகள் இருந்த பக்கம் இறங்கியது.

அந்த வாசனை. உன் கைகளின் வாசனை.

“மருந்து அடிக்கிறப்ப துணிய எடுத்துருவீங்களா, மாமா?”

“நாங்கதான் வெளிய வந்துருவோம். துணிக்கு என்னம்மா?”

அப்போது ஒரு தீபாவளி நினைவுக்கு வந்தது. உறவினர்கள் கொடுத்த பளபளக்கும் கவுன்களைக் கழற்ற விடாமல் பாப்பா அடம்பிடித்தாள். அந்த வாரம் முழுக்க அவற்றையே மாற்றி மாற்றிப் போட்டுவிட்டாய், மனசே இல்லாமல். கழுத்து ஆறியது. களிம்பு வேலை செய்கிறது என்று சொன்னாய். உன் குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. லீவு முடிந்ததும் மறுபடி பருத்திக்குத் திரும்பினாய்.

தோட்டத்து வாசலில் நின்று மாமாவிடம் சொன்னேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நேராகவே சொன்னேன். துணி மேல் மருந்து படிகிறது, பருத்தி அதையும் குடிக்கிறது, சொறி முதலில் எதனால் வந்திருந்தாலும் அதை ஆறவிடாதது இதுதான் போலிருக்கிறது என்று. சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நாளைக்கும் அந்தச் சட்டையைத்தானே பாப்பா போட்டுக்கொள்வாள்.

அவர் வெகுநேரம் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அவ கேட்டா,” என்றார். “என்னங்க, துணியில ஏதோ வாசம் வருதேன்னு. பூ வாசம்னு சொன்னேன்.”

பிறகு, “எனக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு,” என்றார்.

அவர் உள்ளே போய்க் கம்பியிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்தபடியே நின்றார்.

இப்போது பாப்பாவின் துணிகள் என் அறையில் மின்விசிறிக்கு எதிரே தொங்குகின்றன. காயப் பல நாள் ஆகிறது. ஈர நாற்றம் அடிக்கிறது. ஆனால் பாப்பாவின் கழுத்து ஆறிவருகிறது. உனக்குச் சொல்ல வேண்டிய செய்தி இது. நீ கேட்க ஆசைப்பட்டது இது ஒன்றைத்தான். சொறியாமல் தூங்குகிறாள், அக்கா. நேற்று மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஆறுகிற அந்தத் தோல் அவரிடம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். வேறு எதுவாவது காரணமாக இருக்கலாம் என்று அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

நீ இது எதுவும் தெரியாமலே போனாய். கடைசி நாளில் உன்னைத் தாப்பா சாலை வழியே ஆம்புலன்ஸில் மலையிலிருந்து கீழே கொண்டுபோனபோது, திடீரென்று வந்த அந்தத் தலைவலிக்கு நடுவிலும் அம்மாவிடம் சொன்னாயாம்: “பாப்பாவுக்கு அந்தத் தீவாளி மஞ்சக் கவுன போட்டுறாதீங்க. உருகுற துணி அது.”

இன்று காலை உன் பையிலிருந்த சட்டைகளைச் சிவப்பு வாளியில் ஊறவைத்தேன். பாப்பா ஓடிவந்து ஒன்றை வெளியே இழுத்தாள். ஈரத்தோடு மூக்கில் வைத்துக்கொண்டாள்.

“ஏன் சித்தி கழுவுறீங்க?”

“அழுக்குடா.”

“அழுக்கு இல்ல லா. அம்மா வாசம்.”

அவள் கையிலிருந்து மெதுவாக எடுத்தேன். அவள் அழவில்லை. வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கசக்குவதையும் தண்ணீரை மாற்றுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் தெளியும்வரை கழுவினேன். தெளிந்த பிறகும் கழுவினேன்.

என் பிள்ளைக்கு இவற்றைப் போட முடியாது. தூக்கி எறியவும் கை வரவில்லை.

பாப்பா விளையாடப் போன பிறகு ஈரக் கையை மூக்கருகே கொண்டுபோனேன். விரல் இடுக்கில் இன்னும் இருந்தது. லேசான கசப்பு, அடியில் ஏதோ பூ. அது என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். ஆனாலும் கையைத் துடைக்காமல், பஸ் நிலையத்தில் நீ விடும்வரை நிற்பதுபோல, நின்றுகொண்டிருந்தேன்.