வளைவுக்கு மேலே

குதைபியா, மனாமா
12.11.2006

அன்புள்ள ஷிபினுக்கு,

நேசையன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் ஷார்ஜாவில் நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். அன்புள்ள என்று போடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியாததால் அப்படியே விட்டுவிட்டேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. ரோலாவில் உன் ரூமுக்கு அடுத்த கட்டடத்தில் இருக்கும் நம் ஊர்க்காரர் நாளை இங்கிருந்து திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பொட்டலம் இருக்கும். உனக்கென்று என் அம்மா தனியாகக் கட்டி அனுப்பிய நெத்தலிக் கருவாடு. அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

நீ கேட்கவில்லை, ஆனாலும் சமையல்காரர் செய்கு முகம்மது காக்காவைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு கையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். விரல்கள் மடங்குகின்றன, அது நல்லது என்று டாக்டர் சொன்னார். நேற்று நான்தான் கஞ்சி ஊட்டினேன். ஷிபின் தம்பிக்குப் புது வேலை பிடிச்சிருக்கா என்று என்னிடம் விசாரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் ஹோட்டல் நிறைய ஆள். விறகடுப்பின் புகைக்குழாய் உள்ளுக்குள்ளேயே தீப்பிடித்துக்கொண்டது. சந்துக்குள் தண்ணீர் லாரி நுழைகிறது என்றுதான் முதலில் நினைத்தேன், அப்படி ஒரு இரைச்சல். காக்கா ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு அடுப்பின் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார். காற்று போகாமல் தீ அடங்கியது. அந்தக் கதவுதான் அவர் கையைப் பொசுக்கிவிட்டது.

மறுநாள் குழாயைக் கழற்றினார்கள். வளைவுக்குக் கீழே விளக்கி வைத்த பாத்திரம் மாதிரி சுத்தம். வளைவுக்கு மேலே விரல் கனத்துக்குக் கறுப்பு, நம் ஊரில் வள்ளத்துக்குப் பூசும் கீல் மாதிரி, வெந்து பொருமி நின்றது. ஈர விறகையும் பழைய பலகையையும் எரித்தால் புகை குழாயில் குளிர்ந்து அப்படிப் படியும் என்பதும், சுரண்டாமல் விட்டால் ஒரு நாள் அதுவே பற்றிக்கொள்ளும் என்பதும் நம் இரண்டு பேருக்கும் தெரியாததல்ல. குழாய் சுரண்டும்போது மொட்டைமாடியில் மேலே நின்றவன் வேலை செய்யவில்லை என்று மேனேஜர் ராக்கப்பன் சார் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். சரியாகத்தான் சொன்னார்.

பிறகு உனக்குப் போன் போட்டு, மேலே நின்றது யார் என்று கேட்டார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டார். நான் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன். நேசையன் அண்ணன்தான் மேல நின்னாங்க சார், நான் கீழ சாக்கு பிடிச்சேன் என்றாய். அண்ணன் என்ற மரியாதையை மட்டும் நீ விடவில்லை.

உயரத்தில் ஏறினால் எனக்குத் தலை சுற்றும். மெயின்டனன்ஸ் வேலைக்கு வந்தவன் மொட்டைமாடி விளிம்பில் நிற்க மாட்டான் என்று தெரிந்தால் ஊருக்கு டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நாம் சேர்ந்து வேலை செய்த முதல் வெள்ளிக்கிழமையே நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய். நீங்க கீழ நில்லுங்கண்ணே, மேல நான் பாத்துக்கிடுதேன், ஒருத்தருக்கும் தெரியாண்டாம் என்றாய். அன்று முதல் மேலிருந்து வளைவு வரை உன் பிரஷ், கீழிருந்து வளைவு வரை என் பிரஷ். உன் பிரஷ் வளைவைத் தொட்டதும் குழாயில் இரண்டு தட்டு தட்டுவாய். அதைக் கேட்ட பிறகுதான் நான் அடியில் கட்டிய சாக்கை அவிழ்ப்பேன். அந்த ஒரு உதவிக்காகத்தான் உன்னை என் வீட்டு ஆளாக நினைத்தேன். என் தங்கச்சி லிண்டாவுக்கு உன்னைப் பேசி முடித்ததும் அதனால்தான்.

இப்போது அந்த உதவியை வைத்தே என்னை அடித்திருக்கிறாய். நான் மேலே ஏறவே மாட்டேன் என்று சொன்னால் வேலை போகும். சொல்லாமல் இருந்தால் காக்காவின் கையைப் பொசுக்கியவன் நான். இரண்டு பக்கமும் எனக்கு வழி இல்லை என்று தெரிந்துதான் என் பெயரைச் சொன்னாய். தீப்பிடித்ததைக்கூட மன்னித்துவிடுவேன். இதை மன்னிக்க மனம் வரவில்லை.

நீ போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நினைவிருக்கிறதா? குழாய் வழியாக உன் சிரிப்பு கேட்டது. லிண்டாவோடு போனில் பேசுகிறாய் என்று நினைத்து, நானும் சந்தோஷமாகச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வாரம் நீ பேசவே இல்லை என்று அவள் பிறகு சொன்னாள். ஷார்ஜா வேலையைத்தான் பேசியிருப்பாய். கரி ரொம்பக் குறைவாக விழுகிறதே என்று கேட்டேன். இந்த மாசம் நல்ல விறகுண்ணே என்று மேலிருந்து சத்தம் போட்டாய். இரண்டு தட்டும் வந்தது. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை சுரண்டாமல் விட்டதால் மட்டும் அவ்வளவு கீல் சேராது, ஷிபின். எத்தனை தடவை வெறும் குழாயைத் தட்டினாய்?

என் பாஸ்போர்ட் விசா கொடுத்த முதலாளி கஃபீல் கையில் இருக்கிறது. வியாழக்கிழமை அவர் முடிவு சொல்வார், விசா கேன்சல்தான் என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள். ராக்கப்பன் சாருக்கு ஒரு போன் செய். மேலே நின்றது நான் என்று சொல். உனக்கு அங்கே வேறு வேலை கிடைத்துவிட்டது, இங்கே உன்னை ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது. காக்காவையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசு. போனை நான் அவர் காதில் பிடிக்கிறேன்.

நீ விட்டுப்போன போர்வையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி லிண்டா போன் செய்தாள். கல்யாணப் புடவைக்கு என்ன நிறம் எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தவள், திடீரென்று, நீங்க கூட இருந்து பாத்தவங்கல்லா, அவரு நல்லவருதானேண்ணே என்றாள். உன்னை நம்பிப் பழகிய வாய், ஆமா என்று சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கர்த்தர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். வியாழக்கிழமை வரை நான் அவளிடம் வேறு எதுவும் சொல்ல மாட்டேன். நான் சொன்ன அந்த ஆமாவைப் பொய்யாக்கிவிடாதே, மக்கா.

இப்படிக்கு,
இன்னும் உன் அண்ணன்,
நேசையன்