நான் புரட்டாத நாலாம் பக்கம்

தூத்துக்குடி,
9-9-1974, திங்கட்கிழமை.

அன்பு நண்பன் வில்பிரட்டுக்கு, செந்தூர்பாண்டி எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அப்படிக் கேட்க எனக்கு முகமில்லை. உன் தங்கச்சி கிரேசி போட்ட கார்டு சனிக்கிழமை வந்தது. நீ சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாயாம். கோயிலுக்குப் போனாலும் பூசையில் நன்மை அப்பம் வாங்குவதில்லையாம். வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துப் பொய்ச்சத்தியம் செய்த பாவி என்று உன்னையே திட்டிக்கொண்டு, பகலெல்லாம் கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறாயாம். கார்டை என் மனைவி வடிவம்மாளிடம்கூடக் காட்டவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

தங்கச்சி கிரேசி, இதை நீதான் அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். திருவிழாவுக்கு வந்த உறவுக்காரர்களால் வீடு நிறைந்திருக்கும். யாரும் இல்லாத நேரம் பார்த்து வாசி. உனக்கு முழு விவரமும் தெரியாது என்பதால், அவனுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். நடுவில் என்மேல் கோபம் வரும். வந்தாலும் நிறுத்தாமல் கடைசி வரைக்கும் வாசித்துவிடம்மா.

நம் துப்பறியும் ஆபீஸை ஒரு வாரமாகத் திறக்கவில்லை. போர்டைக் கழற்றிவிடலாம் என்று பார்த்தேன், ஏணியில் ஏறக் கால் வேண்டுமே. உப்பு மூட்டை காணாமல் போன விஷயமாக லாரி ஆபீஸ்காரர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். வில்பிரட் ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பூட்டின கதவுக்கு முன்னால் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எதிர்த்த டீக்கடைக்காரர், "அண்ணாச்சி, ரெண்டு பேரும் சேந்தாத்தான ஒரு முழு ஆளு, இப்பம் பாதி ஆளா உக்காந்திருக்கியளே" என்றார். இந்தக் கேலிக்கு நாம் எத்தனை தடவை சிரித்திருக்கிறோம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிரேசிக்காக முதலிலிருந்து சொல்கிறேன். ஆடி மாதக் கடைசியில் இசக்கியப்பன் வந்தான். இடது கை முழங்கைக்கு மேலேயே இல்லை. சட்டைக் கையை மடித்து ஊசி குத்தியிருந்தான். வாசலில் நின்று காலை அடித்து சல்யூட் வைத்தான். அந்தச் சத்தத்துக்கே நீ நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாய். எழுபத்தொன்று டிசம்பர் யுத்தத்தில் கிழக்கு எல்லையில் போன கை என்றான். நமக்கும் அதே டிசம்பர், அதே எல்லை. எனக்குக் கண்ணிவெடியில் கால், உனக்கு ஷெல்லில் கண். தன் தங்கச்சி ஆறுமுகத்தாய் புருஷனுடைய அடி தாங்காமல், ஆறு வயதுப் பெண்பிள்ளை பேச்சியைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ போய்விட்டாள் என்றான். கடைசியாகத் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினதை யாரோ பார்த்திருக்கிறார்கள், கண்டுபிடித்துக் கொடுத்தால் ஆயுசுக்கும் என் வீட்டில் வைத்துக் காப்பாற்றுவேன் என்று அழுதான். நாம் கூலிகூட வேண்டாம் என்றோம்.

யாராக இருந்தாலும் முதலில் ஆளை விசாரிப்பது, அப்புறம்தான் வேலையைத் தொடுவது என்று நாம் சட்டம் போட்டிருந்தோம். பெண்ணுக்கு மாப்பிள்ளை விசாரிக்கச் சொல்லி வந்த பெரிய பண்ணையாரிடமே ரேஷன் கார்டைக் காட்டச் சொன்ன ஆட்கள் நாம். இசக்கியப்பனோ நாம் கேட்பதற்கு முன்னாலேயே பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தான். நான் வாங்கிப் பார்த்தேன். நீ, "ஏலே, முழுசாப் பாத்தியா?" என்று கேட்டாய். பார்த்துவிட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். இந்த இடத்துக்குத் திரும்ப வருகிறேன்.

மீதி வேலையெல்லாம் உன் காது செய்தது. கண் தெரியாதவன் பஸ் ஸ்டாண்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. திருச்செந்தூரில் கருவாட்டுக் கூடைக்காரிகளுக்குப் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாய். மூன்றாம் நாள் ஒருத்தி, "ஏளா பேச்சி, ரோட்டுக்குப் போவாத" என்று பிள்ளையை அதட்டினாள். மறுநாளைக்குள் அவள் குடியிருக்கும் இடமும் தெரிந்துவிட்டது. ஆலந்தலையில் அந்தோணியம்மாள் வீட்டுக்குப் பின்னால் மூன்றாவது குடிசை. விலாசத்தை இசக்கியப்பனுக்கு எழுதிப் போட்டவன் நான். ஒரு தெரு தப்பாமல், எந்தப் பஸ், எங்கே இறங்கவேண்டும் என்பது வரைக்கும் நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

அண்ணன் வருகிறான் என்ற நல்ல செய்தியை நம் வாயால் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டு நீ ஆலந்தலைக்குப் போனாய். அவள், "எனக்குக் கூடப்பொறந்த ஆம்பளையே கெடையாதே" என்றாளாம். ஒரு கை இல்லாதவர் என்று நீ சொன்னதும் பிள்ளையை அந்தோணியம்மாளிடம் கொடுத்துவிட்டு, துணிமணியைக் கட்டக் குடிசைக்கு ஓடியிருக்கிறாள். எனக்குப் போன் போடலாம் என்று நீ பஸ் நிற்கிற இடத்துக்குக் கம்பைத் தட்டிக்கொண்டு வந்தாய். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவன், அந்தோணியம்மாள் வீட்டுக்கு எப்படிப் போகவேண்டும் என்று யாரையோ கேட்டான். இசக்கியப்பனின் குரல். நீ அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாய். பதில் வரவில்லை, நடை மட்டும் வேகமானது. நீ மணலில் விழுந்து எழுந்து நாலு ஆளைக் கூட்டிக்கொண்டு போவதற்குள் குடிசையில் யாரும் இல்லை. மறுநாள் காலையில் வலை இழுக்கப் போனவர்கள் ஆறுமுகத்தாயைக் கரையோரத் தண்ணீரில் கண்டார்கள்.

விசாரணை போன திங்கட்கிழமை நடந்தது. அவள் தானாகச் செத்தாளா, பிள்ளை யாரிடம் போகவேண்டும் என்று அதிகாரி தீர்மானிக்க வேண்டும். இசக்கியப்பன் அங்கே கூசாமல், நான்தான் அவளுடைய புருஷன், பிள்ளையின் அப்பன், அன்றைக்கு ஆலந்தலைப் பக்கமே போகவில்லை என்றான். பஸ் நின்ற இடத்தில் இருந்தவர்கள் எங்களுக்கு ஞாபகம் இல்லை என்று ஒதுங்கிவிட்டார்கள். மிச்சம் உன் காது ஒன்றுதான். நீ கூண்டில் நிமிர்ந்து நின்று, நூறு பேர் பேசினாலும் அந்தக் குரலைப் பிரித்துக் காட்டுவேன் என்றாய். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு உன்னையே பார்த்தார். உன்னை நம்பத் தொடங்கிவிட்டார், வில்பிரட். உனக்கு அது தெரியாது. நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவனுடைய வக்கீல் எழுந்து, ஆளை விசாரிக்காமலா விலாசம் கொடுத்தீர்கள் என்று கேட்டார். நீ, என் கூட்டாளி டிஸ்சார்ஜ் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் வாசித்தான், அதில் பெண்டாட்டி பெயர் கிடையாது, இருந்திருந்தால் சொல்லியிருப்பான், அவன் கண்தான் எனக்குக் கண் என்றாய். இது சத்தியமா என்று அவர் கேட்டார். சத்தியம் என்றாய். அவர் அந்தப் புத்தகத்தை அதிகாரியிடம் கொடுத்தார். நாலாம் பக்கத்தில் மனைவி ஆறுமுகத்தாய், மகள் பேச்சி என்று டைப் அடித்திருந்ததை அதிகாரி சத்தமாக வாசித்தார். பார்க்காததைப் பார்த்ததுபோல் சத்தியம் செய்கிறவன், கேட்காததையும் கேட்டேன் என்று சொல்லமாட்டானா என்றார் வக்கீல். உன்னைக் குரல் பிரித்துக் காட்டச் சொல்லவே இல்லை. அவள் தானாகத்தான் செத்தாள், பிள்ளை அப்பனிடம் போகட்டும் என்று அதிகாரி முடித்துவிட்டார்.

இனி நான் சொல்ல வேண்டியது. அந்தப் புத்தகத்தில் இரண்டு பக்கம்தான் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் காயம் பட்ட தேதி இருந்தது. டிசம்பர் பதினொன்று. என் கால் போனதற்கு மறுநாள். அதைப் பார்த்ததும் புத்தகத்தை மூடி, நெற்றியில் ஒற்றிக்கொண்டு அவனிடம் கொடுத்துவிட்டேன். பட்டாளத்தில் கூட இருக்கிறவன் பெட்டியைக் குடைந்து பார்க்கிறவனுக்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். அதற்கு மேல் புரட்டுவது ஈனத்தனமாகப் பட்டது எனக்கு. அவன் கை நிஜம், அவன் பட்டாளம் நிஜம், அதனால் அவன் கண்ணீரும் நிஜம் என்று நினைத்துவிட்டேன். கை போனவன் பெண்டாட்டியை அடிக்கமாட்டான் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

இதுவாவது மடத்தனம். அடுத்தது மடத்தனம்கூட இல்லை. அதிகாரி நாலாம் பக்கத்தை வாசித்தபோது நீ பெஞ்சுப் பக்கம் முகத்தைத் திருப்பினாய். நான் எழுந்து உண்மையைச் சொல்வேன் என்று காத்திருந்தாய். ஐயா, இவன் பொய் சொல்லவில்லை, இவனிடம் நான்தான் பொய் சொன்னேன் என்று ஒரு வார்த்தை போதும். கால் இல்லை என்றால் உட்கார்ந்துகொண்டாவது சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் நீ என்னை என்ன நினைப்பாயோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். வில்பிரட், கண்ணிவெடி வெடித்த அன்றைக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அந்தப் பயத்தில் ஒரு பிள்ளையை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

கிரேசி கார்டில் இன்னொன்றும் எழுதியிருந்தாள். செந்தூர்பாண்டி சொல்லாமல் இருந்திருக்க மாட்டான், நான்தான் மறந்துபோயிருப்பேன், என் புத்தியே பிசகிவிட்டது, அந்தக் குரலைக் கேட்டதும் நிஜம்தானோ என்னவோ என்று நீ சொல்கிறாயாம். அதை வாசித்ததும் நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். நீ எதையும் மறக்கவில்லை. உன் புத்தியும் பிசகவில்லை. பஸ் பக்கத்தில் நீ கேட்டது அவன் குரல்தான். நீ செய்தது பொய்ச்சத்தியமும் இல்லை, நீ நம்பினதைச் சொன்னாய். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்வதானால் என் பெயரைச் சொல். போய் நன்மை வாங்கு.

நமக்குத் தெரிந்த வக்கீல் ஏசுவடியானைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திருநெல்வேலி ஜில்லா கோர்ட்டில் மனு போடலாம், நான் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். பொய் சொன்னதை ஒத்துக்கொள்கிறவன் பிரமாணம் மட்டும் நிற்காது, வில்பிரட்டும் வந்து அந்தக் குரலைப் பற்றி மறுபடி சொல்லவேண்டும், அப்போதும் பத்துக்கு ஒரு பங்குதான் நம்பிக்கை என்றார். பதினெட்டாம் தேதி புதன்கிழமை மனு எடுக்கிறார்கள். இசக்கியப்பனுக்குப் பம்பாயில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறதாம். மாதக் கடைசியில் பிள்ளையோடு ரயில் ஏறுகிறான். ஏறிவிட்டால் அந்தச் சமுத்திரத்தில் பிள்ளையை நானும் நீயும் எங்கே போய்த் தேடுவது?

நான் எதை எழுதிக் கொடுத்தாலும் ஆறுமுகத்தாய் திரும்பி வரப்போவதில்லை. அந்தோணியம்மாளைப் போய்ப் பார்த்தேன். உட்காரச் சொல்லவில்லை. "வெலாசம் எழுதினது நீருதானா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திருச்செந்தூர் வரைக்கும் வந்தும் முருகன் சந்நிதிக்குப் போகாமல் திரும்பினது இதுதான் முதல் தடவை. என்ன கேட்டுக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

விசாரணை முடிந்து பிள்ளையைக் கொடுத்ததை நீ பார்க்கவில்லை. பிள்ளை அழுதாளா என்று வராந்தாவில் என்னைக் கேட்டாய். அழவில்லை, சமாதானமாகப் போய்விட்டாள் என்றேன். அழவில்லை என்பது நிஜம். மீதியை மறைத்துவிட்டேன். விசாரணை முடிகிற வரைக்கும் பிள்ளையை வைத்திருந்த மடத்துக் கன்னியாஸ்திரீ அவளைக் கொண்டுவந்து அவன் வலது பக்கம் நிறுத்தினார். அவன் கையை நீட்டினான். பிள்ளை அந்தக் கையையே பார்த்தாள். பிறகு ஓசைப்படாமல் அவனைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் நின்றாள். அவன் திரும்பினால் அவளும் கூடவே திரும்பி மறுபடி அந்தப் பக்கத்துக்கே வந்தாள். கேட் தாண்டி ரோட்டில் மறைகிற வரைக்கும் அவனுக்குக் கை இல்லாத பக்கமாகவேதான் நடந்துபோனாள்.

கிரேசி, என்னை மன்னிக்கச் சொல்லி அவனிடம் நீ பேச வேண்டாம். அதைக் கேட்க நான் எழுதவில்லை. இனி அவன் என் ஆபீஸ் வாசலை மிதிக்காவிட்டாலும் சரி, என் குரலைக் கேட்டால் எழுந்து போய்விட்டாலும் சரி. திருநெல்வேலிக்கு நீயே அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வா. நான் தூரத்தில் நின்றுகொள்கிறேன். இந்தக் கடிதத்தில் வேறு எதை வாசிக்க உனக்கு மனம் வராமல் போனாலும், பிள்ளை எந்தப் பக்கமாக நடந்துபோனாள் என்பதை மட்டும் அவனுக்கு வாசித்துக் காட்டிவிடு, தாயி.

இப்படிக்கு,
செந்தூர்பாண்டி