யானைமேல் வந்த முதல் மாணவன்

திங்கள், இரவு.

இதை யாரும் நம்பப்போவதில்லை. ஆனாலும் சத்தியமாக எழுதுகிறேன்.

தங்கை ஸ்டெல்லா ஒரகடத்தில் நடத்தும் சின்னப் பள்ளிக்கூடத்தில் இன்னும் ஒரு பிள்ளை சேர்ந்தால்தான் ஒன்றாம் வகுப்பு நடக்கும். இன்று ஷிப்ட் முடிந்து, கம்பெனிச் சீருடையிலேயே ஒரு திருநெல்வேலிப் பெண் மகளோடு விசாரிக்க வந்தாள். ஸ்டெல்லா உள்ளே இருந்தாள். நான் பள்ளியின் சரித்திரத்தை முழங்கினேன். முதல் மாணவன் யானைமேல் வந்தான். ஏரி உடைந்த வருடம் படகில் பாடம் நடந்தது. இங்கே படித்த ஏழு பேர் இப்போது நிலாவில் சூப்பர்வைசர்கள்.

"அதெல்லாம் இருக்கட்டும்ணே. எனக்கு காலைல அஞ்சரைக்கு கம்பெனி பஸ். அதுக்கு முன்ன கேட்டத் தொறப்பியளா?"

"இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? மொத வருஷம் ஒரே ஒரு புள்ள. தூங்கிக்கினே வரும். அதுக்கோசரம் என் தங்கச்சி தெனம் அஞ்சு மணிக்கே கதவத் தொறந்து, பாய் விரிச்சு வெச்சிகினு நின்னா."

"யானைக் கதைய ஆரம்பிச்சிட்டியாண்ணே?" என்று தலையில் அடித்துக்கொண்டே ஸ்டெல்லா வந்தாள்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒன்றாம் வகுப்பு உண்டு!

யானை, படகு, நிலா எல்லாம் என் சரக்கு. அந்த அஞ்சு மணிக் கதவு மட்டும் நிஜம்.