தீப்பெட்டியில் இருந்த மண்

அன்புள்ள பாய்,

நேற்று மதியம் பழைய தகரப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் தீப்பெட்டி ஒன்று கிடைத்தது. மேலே என் கையெழுத்து: ‘வேலிக்கு வெளியே, வேப்பமரத்தடி.’ உள்ளே ஒரு சிட்டிகைச் செம்மண், கட்டி தட்டிப்போய்க் கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். பெட்ரோல் வாடை அடித்தது. ஐம்பது வருடத்துக்கு மேலான மண்ணில் அந்த வாடை தங்காது என்பது எனக்குத் தெரியும். என் மூக்கை முழுதாக நம்புகிறவனும் நான் இல்லை. பெட்டியை மூடிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

அறுபதுகளில் காரைக்குடி ரயிலடியில் பெட்ரோல் வண்டிகள் வந்து நிற்கும். அங்கிருந்து நம் டெப்போத் தொட்டிகள் வரைக்கும் மண்ணுக்கடியில் ஒரு குழாய் போனது. தினமும் அந்தக் குழாய் போகும் வழியே நடந்து பார்ப்பது உங்கள் வேலை. மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதுவது என் வேலை. நடக்கும்போது அடிக்கொருதரம் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்வீர்கள். “என்ன பாய், எதையும் தொலச்சுட்டீகளா?” என்று யாராவது கேலி செய்தால், “ஆமா, மூக்குத்தி” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பீர்கள்.

முதல் தீப்பெட்டியை என் மேசையில் வைத்த அன்று நீங்கள் கேலி எதுவும் பேசவில்லை. “மோந்து பாருங்க ரைட்டரய்யா” என்றீர்கள். மோந்தேன். வாடை இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. அன்றே மேலிடத்துக்கும், திருப்பத்தூர் தாசில்தாருக்கும், தீயணைப்பு நிலையத்துக்கும் கடிதம் எழுதினேன். ‘டெப்போ வேலிக்குள் சிறு கசிவு இருக்கலாம் என ஐயம்.’ ‘இருக்கலாம்’ என்பதையும் ‘ஐயம்’ என்பதையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதியவன் நான்.

பதில் வரவில்லை. குழாயில் பெட்ரோல் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. பதில் வராமல் இரண்டாவது கடிதம் எழுதினால் மேலிடத்தைக் குறை சொன்னதுபோல் ஆகும் என்றார் மேனேஜர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நீங்கள் தீப்பெட்டிகளைக் கொண்டுவந்துகொண்டே இருந்தீர்கள். இடத்தை எழுதி, மேசை இழுப்பறையில் வரிசையாக அடுக்கினேன். வேலியோரம். வேலிக்கு வெளியே. சாக்கடைக் கல்லுக்கு அப்பால். வேப்பமரத்தடியில் எறும்பே இல்லாமல் போனதை நீங்கள்தான் காட்டினீர்கள். மழை பெய்த மறுநாளும் அந்தப் பக்கம் ஒரு தவளைகூடக் கத்தவில்லை. எங்கும் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மண் அதே சிவப்பில் இருந்தது.

“அது நடந்துக்கிட்டே இருக்கு ரைட்டரய்யா. ஒங்க காயிதம்தான் நின்ன எடத்துலயே நிக்கிது” என்றீர்கள்.

வேப்பமரத்துக்கு அடுத்தது ஒரு பூட்டிய வீடு. உடையவர்கள் சென்னையில் இருந்தார்கள். அத்தனை பெரிய வீட்டுக்கும் ஒக்கூர்க்காரர் ஒருவர்தான் காவல். ஒருநாள் அவரே டெப்போவுக்கு வந்தார்.

“சிரிக்காம கேளுங்க. பூட்டுன வீட்டுக்குள்ள யாரோ நடமாடுறாக. ஆளு தெரியல, வாடை மட்டும் தெரியிது. நேத்து பின்கட்டுல இருந்துச்சு, இன்னைக்கு ரெண்டாங்கட்டுக்கு வந்துருச்சு. பினாங்குல செத்த பெரியவுகதான் வீடு திரும்பிட்டாகளோ என்னமோ.”

நாம் இருவரும் அவருடன் போனோம். உச்சி வெயில். பின்கட்டுக் கிணற்றில் எப்போதும் அடையும் புறாக்களைக் காணோம். எட்டிப் பார்த்தேன். காற்றே இல்லை, ஆனால் தண்ணீரின் மேல் நீலமும் ஊதாவுமாக ஏதோ மெல்லப் புரண்டு படுத்தது. என் முகம் அதில் விழுந்தது. விழுந்த முகம் ஒரு பக்கமாக இழுபட்டு, நீண்டு, வேறு யாருடையதோ போல ஆனது. நான் பின்வாங்கிவிட்டேன்.

நீங்கள் காவல்காரரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். உங்கள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது நான்தான். ஆபீஸ் இன்னும் ஒப்புக்கொள்ளாத ஒன்றை வெளியாளிடம் நாம் சொல்லக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. “தண்ணி எறைக்க வேண்டாம், சுத்தமில்லை” என்று மட்டும் அவரிடம் சொன்னேன். தீயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியே வந்ததும், “இன்னைக்கே எழுதீருங்க” என்றீர்கள். “முதல் கடிதத்துக்குப் பதில் வரட்டும் பாய்” என்றேன்.

சுத்தமில்லை என்று நான் சொன்னதை அவர் உண்மையாகவே எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் கல்யாணம் வரவிருந்தது. கிணற்றைத் தூர் வார ஆள் பிடித்துவிட்டார். டீக்கடையில் அந்தச் சேதியைக் கேட்டு ஓடிவந்தீர்கள். என் மேசைக்கு முன்னால் ஒரு கணம்தான் நின்றீர்கள். “வெளக்கு எறக்குவாக” என்றீர்கள்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. நெடுநாள் புழங்காத கிணற்றில் நம் பக்கத்து ஆட்கள் சும்மா இறங்க மாட்டார்கள். முதலில் எரியும் விளக்கை உறியில் வைத்துக் கீழே இறக்குவார்கள். அணைந்தால் காற்றுக் கெட்டிருக்கிறது என்று பொருள். எத்தனையோ உயிரைக் காத்த வழக்கம் அது.

நீங்கள் முன்னால் ஓட, நான் பின்னால் ஓடினேன். பின்கட்டில் ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தார். காவல்காரர் உறியைப் பிடித்திருந்தார். அகல் விளக்கு சுவருக்குக் கீழே ஒரு முழம் போயிருந்தது. நீங்கள் கத்தவில்லை. கத்தினால் அவர் கை பதறி விளக்கு விழும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. சுவரில் குப்புறப் படுத்து, கையை நீட்டி, சுடரை உள்ளங்கையால் அப்படியே மூடினீர்கள். கொஞ்சம் புகை வந்தது. அவ்வளவுதான். எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காத அந்த அமைதியை இன்றுவரை என்னால் தாங்க முடிவதில்லை.

“காத்து நல்லாருக்கான்னுதானே பாத்தோம், ஏன் பாய்?” என்றார் காவல்காரர்.

“காத்து எங்கய்யா இருக்கு? கெணறு முழுக்கப் பெட்ரோலு.”

சுவரில் இருந்தவர் இறங்கித் தரையில் உட்கார்ந்து இடுப்புக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு அவிழவே இல்லை. நான் குனிந்து அவிழ்த்துவிட்டேன். நீங்கள் கையை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தீர்கள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“இப்ப எழுதுவீகளா ரைட்டரய்யா?”

எழுதினேன். மேனேஜரைக் கேட்கவில்லை. ‘இருக்கலாம்’ இல்லை, ‘ஐயம்’ இல்லை. தீயணைப்பு நிலையத்தில் ஒரு பிரதியைக் கையில் கொடுத்துவிட்டு, இன்னொன்றோடு திருப்பத்தூருக்கு பஸ் ஏறினேன். மறுநாளும் போனேன். தாலுகா ஆபீஸ் கிளார்க், “நேத்துத்தானே வந்தீக? அதுக்குள்ள என்ன?” என்று சலித்துக்கொண்டார். “நேற்று ஒரு கிணறு சார். இன்றைக்கு இரண்டு” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. குழாயை நிறுத்தி, தோண்டி, அரித்துப்போன இணைப்பை வெளியே எடுக்கும்வரை தினமும் உங்கள் தீப்பெட்டி வந்தது. தினமும் நான் பஸ் ஏறினேன்.

எழுபதுகளில் நீங்கள் காலமானபோது அடக்கத்துக்கு வந்திருந்தேன். எல்லோரையும்போல மூன்று பிடி மண் போட்டேன். மூன்றாவது பிடியை என்னை அறியாமல் மூக்கருகே கொண்டுபோயிருக்கிறேன். உங்கள் மகன் அதைப் பார்த்தார். வெறும் மண் வாசனைதான் பாய். அன்று அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

நேற்று இவ்வளவு எழுதிய பிறகு தீப்பெட்டியைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். வாடை போகவில்லை. பின்கட்டுக்குப் போனேன், அங்கே அதிகமாக இருந்தது. எங்களுக்குப் பக்கத்து வீடும் பூட்டிய வீடு. அதில் கிணறு இருக்கிறது. தெருக்கோடியில் பெட்ரோல் பங்க் இருக்கிறது. “ஒரு வாடையும் இல்லப்பா, பேசாமப் படுங்க” என்றாள் மகள். அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் ஒரு தாளில் எழுதி, இன்று காலை நகராட்சியிலும் தீயணைப்பு நிலையத்திலும் கொடுத்தேன். “கசிவைப் பாத்தீங்களா ஐயா?” என்று கேட்டாள் நகராட்சியில் இருந்த பெண். “பார்க்கவில்லை. மோந்தேன்” என்றேன். அவள் சிரிக்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் அது மாடிப்படி வரை வந்திருக்கிறது. அதையும் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை ஆபீஸ் திறந்ததும் கொடுக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு இப்போதே போன் செய்துவிட்டேன். வருகிறோம் என்றார்கள்.

சற்று முன் மகள் சாமி விளக்கேற்ற வந்தாள். உங்களைப்போல் நானும் கத்தவில்லை. அவள் கையிலிருந்த தீப்பெட்டியை மெல்ல வாங்கிக்கொண்டேன். உங்கள் தீப்பெட்டியையும் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டேன். இப்போது என் மடியில் இரண்டு தீப்பெட்டிகள் இருக்கின்றன பாய். வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கள்,
ரைட்டர்