பஸ்ஸுக்குப் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்

என் பத்மா அக்காவுக்கு,

உங்களை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அக்கா என்றுதான் வாயில் வருகிறது. என் வீட்டுக்காரருக்கு முதலில் வாழ்க்கைப்பட்டவர் நீங்கள். காய்ச்சலில் நீங்கள் கண்ணை மூடி ஐந்து வருஷம் கழித்து, தோட்டத்து வரிசை வீடுகளான அதே லயத்தில், அதே காம்பராவுக்கு நான் வந்து சேர்ந்தேன். அன்பாகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். உங்கள்மேல் எனக்கு அவ்வளவு பொறாமை.

வந்த வாரத்திலேயே தொடங்கிவிட்டது. ரப்பர் பால் வெட்டப் போகிற பெண்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில்தான் எனக்கு வேலை. விடும்போதெல்லாம் உங்கள் கதைதான். பத்மாவும் சந்திரனும் மோட்டார் சைக்கிளில் கூடாரம் கட்டிக்கொண்டு ஆறு நாள் மலைநாடெல்லாம் சுற்றின கதை. "வெள்ளக்காரங்க மாதிரி போனாங்க புள்ள. நம்ம தோட்டத்துல வேற யாரு போயிருக்கா?" என்பார்கள். நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். 

இவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எதைக் கேட்டாலும் "சரிம்மா" என்பார். குழம்பில் உப்புக் கூடினாலும் சரி, நான் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாலும் சரி. நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். எனக்கோ வேறு யாரோ வீட்டில் விருந்தாளியாக இருப்பது போலவே இருந்தது.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம், நாட்டில் யுத்தம் முடிந்து ரோட்டில் சோதனைச் சாவடிகள் குறைந்திருந்த நேரம், நானே கேட்டேன்.

"அக்காவக் கூட்டிட்டுப் போன மாதிரி என்னையும் கூட்டிட்டுப் போங்க."

நிமிர்ந்து பார்த்தார். "சரிம்மா" என்றார்.

மாவனல்லையில் அவர் வேலை பார்க்கும் கராஜில் ஒருமுறை வேன் பழுதாகி நின்ற வெள்ளைக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன, நீங்களும் கொண்டுபோன அதே பச்சைக் கூடாரம்தான். பூஞ்சணம் பிடித்துக் கிடந்ததைக் காயப்போட்டுக் கட்டிக்கொண்டோம். கண்டியில் ஒரு பொலிஸ்காரர் மறித்து, இது என்ன மூட்டை என்று சிங்களத்தில் கேட்டார். கூடாரம் மாத்தயா, நானும் நோனாவும் ஊர் சுற்றப் போகிறோம் என்று இவரும் சிங்களத்தில் சொன்னார். பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, என்னை நோனா, அதாவது சீமாட்டி என்றதில் பெருமையாக இருந்தது. உடனே, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உங்களை யார் மறித்தார்கள், இவர் என்ன சொன்னார் என்று யோசனை ஓடியது. பெருமை போய்விட்டது.

நுவரெலியாவுக்குக் கிட்ட ஒரு மரக்கறித் தோட்டத்தின் ஓரத்தில் முதல் கூடாரம் அடித்தோம். உள்ளே துணிப் பையில் ஒரு கொண்டை ஊசி கிடந்தது. உங்களுடையதுதான், வேறு யாருடையது? அவர் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். லீக்ஸ் பாத்திக்குள் வீசி எறிந்தேன். காலையில் மனசு கேட்காமல் போய்த் தேடினேன், கிடைக்கவில்லை. இதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் பண்டாரவளை தாண்டி நமுனுகுல மலையடிவாரத்துக்கு வந்தோம். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இவருடைய சிநேகிதர் மாரிமுத்து இருக்கிறார். லயத்துக்குப் பின்னால் கூடாரம் அடிக்கும்போது மாரிமுத்துவின் மனைவி டீ கொண்டுவந்தார். "பத்மா வந்தப்பவும் இதே எடத்துலதான் அடிச்சாங்க" என்றார். நான் சிரித்து வைத்தேன். அடுத்ததாக அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிப் போட்டது.

"ஆனா என்னா சண்ட தாயி! லயமே வாசல்ல நின்னு வேடிக்க பாத்துச்சு. அந்தப் புள்ள பையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிப் போயிருச்சு."

நான் இவரைப் பார்த்தேன். இவர் கயிற்றை முடிந்துகொண்டே சிரித்தார். அப்புறம் உட்கார்ந்து முழுக்கதையும் சொன்னார். பாதி மலையில் மூடுபனி இறங்கியதும் அவர் திரும்பலாம் என்றாராம். நீங்கள் மாட்டேன் என்று தனியாக ஏறிப் போனீர்களாம். மதியத்துக்கு மேல் முட்டி சிராய்த்து, காலெல்லாம் அட்டை கடித்த ரத்தத்தோடு இறங்கி வந்தால், அவர் மாரிமுத்துவோடு டீ குடித்துக்கொண்டிருந்தாராம்.

"நான் செத்தேனா பொழைச்சேனான்னு பாக்காம டீயா குடிக்கிறீங்கன்னு கேட்டா. அந்த டீயத் தூக்கி ஊத்துனா பாரு!"

பண்டாரவளைக்குப் போய்க் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். அவர் பஸ்ஸுக்குப் பின்னாலேயே மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அப்புத்தளையில் பஸ் நின்றபோது ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாராம், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். பலாங்கொடையில் நின்றபோது ஒன்றும் பேசாமல் ஒரு வடையை ஜன்னல் வழியாக நீட்டினீர்கள். இரத்தினபுரியில் நீங்களாகவே இறங்கி வந்து பின்னால் ஏறிக்கொண்டீர்கள்.

"ஏன் எறங்குனான்னு கடசி வரைக்கும் சொல்லல" என்றார். கண்ணில் தண்ணீர் வர அப்படிச் சிரித்தார். என்னோடு வாழ்ந்த மூன்று வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

அக்கா, நீங்கள் சந்தோஷமாகச் சுற்றினீர்கள் என்று நினைத்துப் பொறாமைப்பட்டேன். சண்டை போட்டீர்கள் என்று தெரிந்ததும் அது குறைய வேண்டுமா இல்லையா? பத்து மடங்கு ஆகிவிட்டது. ஒரு மனுஷன் எத்தனை மைல் பஸ்ஸுக்குப் பின்னால் வந்திருக்கிறார்! நான் கோபித்துக்கொண்டு போனபோது "சரிம்மா, பாத்துப் போ" என்று பஸ் காசு கொடுத்து அனுப்பியவர்.

மறுநாள் காலை மலை ஏறினோம். பாதி வழியில் மூடுபனி வந்தது. வேண்டுமென்றே சொன்னேன், "போதும், திரும்புவோம்."

"சரிம்மா" என்று உடனே திரும்பினார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "ஒருக்காவாவது முடியாதுன்னு சொல்ல மாட்டீங்களா? அக்காகிட்ட மட்டும் வாய்க்கு வாய் பேசுனீங்க. நான் என்ன, வழியில வந்தவளா?"

அவர் என் எதிரே வந்து நின்றார். அப்புறம் சொன்னார். "காய்ச்சலுன்னு படுத்திருந்தா. வேலைக்குப் போகாம சாக்கு சொல்றியான்னு கத்திட்டுக் கராஜுக்குப் போனேன். சாயந்தரம் வந்தப்ப அவளுக்குப் பேச்சில்ல. நாலாம் நாள் போயிட்டா. அதுக்கப்புறம் யார்கிட்டயும் கொரல் ஒசத்துறதில்லன்னு இருக்கேன். ஒங்கிட்ட எப்புடி ஒசத்துவேன்?"

அழுதிருக்க வேண்டும் நான். ஆனால் கோபம்தான் வந்தது. அந்த மௌனம்கூட உங்களுக்காகத்தானா?

"அப்ப நான் எப்ப சாவேனோன்னு பயந்துக்கிட்டா எங்கூடக் குடும்பம் நடத்துறீங்க?"

"ஆமாடி!" என்று கத்தினார். மலையே அதிர்ந்தது போல இருந்தது. "பயந்துக்கிட்டுத்தான். நீ ஒரு தும்மல் போட்டாலும், தூங்குனப்பறம் ஒன் நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாக்குறேன். போதுமா? திரும்பவும் முடியாது ஒண்ணும் முடியாது. எந்திரிச்சு மேல நட!"

நடந்தேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவருக்குத் தெரியாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டே ஏறினேன்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. பனி கொஞ்சம் விலகி, பசறைப் பக்கத்துத் தேயிலை மலைகள் தெரிந்தன. அவரும் அன்றைக்குத்தான் அங்கே முதல் தடவை வருகிறார். "இங்கதான் தனியா நின்னிருப்பா" என்றார். "போய் நில்லுங்க" என்றேன். ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து அரைப் பக்கெட் கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டைத் தின்றேன். அவர் அழுதாரா என்று எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பொறுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

திரும்பும்போது இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட வேகத்தைக் குறைத்தார். "டீ குடிச்சிட்டுப் போவமா?"

"இங்க வேணாம். அவிசாவளையில குடிப்போம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

அவிசாவளை வரைக்கும் சண்டை. அங்கே போனால் நான் நினைத்துக்கொண்டு வந்த கடை மூடியிருந்தது, அதற்கும் சண்டை. வீட்டுக்கு வந்து சேரும்வரை நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் அக்கா. இதை உங்களைத் தவிர வேறு யாருக்குச் சொன்னால் புரியும்?

இப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு சண்டை நிச்சயம். பக்கத்துக் காம்பராக்காரர்கள் சுவரைத் தட்டுகிறார்கள். எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்து நாற்பது நாளாகிறது. அவர் உங்கள் பெயரை வைக்க வேண்டும் என்றார். முடியவே முடியாது என்றேன். இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை, மூன்றாம் நாள் விட்டுக்கொடுத்தார். உங்களுக்கு வருத்தமாக இருக்குமோ? என் வாயால் தினமும் நூறு தடவை உங்களைக் கூப்பிட என்னால் ஆகாது. என் மனசு இவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். இவள் நடக்கிற வயசு வந்ததும் நமுனுகுல மலைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். இங்கே உங்கப்பாவே பயந்து திரும்பின இடத்தில் ஒருத்தி தனியாக ஏறிப் போனாள், அவள் உன் பெரியம்மா என்று நானே சொல்வேன். அவரைச் சொல்ல விடமாட்டேன். அவர் சொன்னால் அந்தச் சிரிப்புச் சிரிப்பார்.

இரத்தினபுரியில் ஏன் இறங்கினீர்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருக்கலாம்.

உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டே உங்களுக்குச் சொந்தமாகிப்போன தங்கச்சி,
லோகேஸ்வரி