அக்காவின் பெட்டி

மார்ச் 4

இன்று ஆய்வுக்கூடத்தில் நாற்பது சாப்பாட்டுப் பெட்டிகளை எடை போட்டேன். பாதியில் மாவுச்சத்து அதிகம், பாதியில் குறைவு, கலோரி ஒன்றுதான். உடல் பருமன் உள்ளவர்கள் ஆறு வாரம் இதை மட்டுமே சாப்பிட வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் வயிற்றிலிருந்து ஊசியால் கொஞ்சம் கொழுப்பு எடுப்பார்கள். கொழுப்பில் உள்ள மரபணுக்கள் மாறிவிடாது. ஆனால் சாப்பாட்டைப் பொறுத்து அவற்றில் எது அடங்கிப்போகிறது, எது கூச்சல் போடுகிறது என்று பார்க்கத்தான் இவ்வளவு பாடு.

அக்காவும் சேர்ந்திருக்கிறாள். நான்தான் நச்சரித்துச் சேர்த்தேன். பள்ளி வேன் ஓட்டுகிறவள், யாருக்கும் பயப்பட மாட்டாள். "ஊசின்னா மட்டும் எனக்கு உயிரே போயிடும். உனக்காகத்தான்டி வரேன்" என்றாள்.

மார்ச் 25

அக்காவின் எடைத்தாளை நான் பார்க்கக் கூடாது என்பது ஆய்வை நடத்தும் டாக்டரின் உத்தரவு. பார்த்துவிட்டேன். மற்றவர்கள் இரண்டு கிலோ குறைந்திருக்கிறார்கள். இவள் நூறு கிராம்.

ஏப்ரல் 9

வேனில் ஸ்டியரிங் பக்கத்தில் மூன்று பிஸ்கட் பாக்கெட். ஒன்று பிரித்திருந்தது.

"அழற பிள்ளைங்களுக்குடி."

"யார்கிட்ட கதை விடற? சின்ன வயசுலேருந்து உன்னைப் பார்க்கறேன்."

வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

ஏப்ரல் 15

கடைசி ஊசி. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாளாம். நர்ஸ் சொன்னாள். அதே மதியம் டாக்டரிடம் எழுதிக் கொடுத்தேன்: 'வெளியில் சாப்பிடுகிறார்.' ஆய்வுக் கணக்கிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள். என் வேலையைத்தானே செய்தேன்?

ஏப்ரல் 16

தூக்கமில்லை. வேலையைத்தான் செய்தேன்.

மே 3

விஷயம் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. போனை எடுக்க மாட்டேன் என்கிறாள்.

ஜூன் 11

நீக்கப்பட்டவர்களின் கொழுப்பு மாதிரிகளையும் டாக்டர் சோதித்துப் பார்த்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். மாவுச்சத்து குறைந்த பெட்டி அக்காவுடையது. அந்தக் குழுவில் உடம்புக்குள் வீக்கத்தைத் தூண்டும் மரபணுக்கள் எல்லோருக்குமே அடங்கியிருந்தன. அதிகம் அடங்கியது அக்காவுக்கு.

"தினமும் பிஸ்கட் தின்னவங்களுக்கு இப்படி வராதும்மா. எடை எல்லாருக்கும் ஒரே மாதிரி இறங்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். வகுப்பெடுத்திருக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் நம்பியிருப்பேன். என் அக்கா என்பதால்தான் நம்பவில்லை. ஆறு வாரம் வாயைக் கட்டி, ஊசிக்கு வயிற்றைக் காட்டி— ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் நான்.

ஜூன் 14

அக்கா வீட்டுக்குப் போனேன். கையில் ரிப்போர்ட். அழுதுகொண்டே முழுவதையும் விளக்கினேன். அவள் அதை வாங்கவேயில்லை.

"எனக்கு எதுக்குடி இது? நான் என்ன சாப்பிட்டேன்னு எனக்குத் தெரியாதா? கண்ணைத் துடை."

கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், எதிரில் உட்கார்ந்து வேனில் நடந்த வேடிக்கையெல்லாம் சொன்னாள். நானும் சிரித்தேன். ஒரே ஒரு தட்டுதான் வைத்திருக்கிறாள் என்பதைப் பாதிச் சாப்பாட்டில்தான் கவனித்தேன்.

"நீ சாப்பிடலையாக்கா?"

"நீ சாப்பிடு. நீ கிளம்பினதும் நான் சாப்பிட்டுக்கறேன்."